அக்குறணையில் நின்ற குதிரை

குதிரை வாங்கியவனுக்குப் புத்தி சொல்வதற்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்டியில் அந்த மாதம் முழுக்க அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இந்தக் கதையை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ரயில் கண்டிக்கு வந்த மறுவருஷம் இது. கோப்பி மூட்டைகளை, அதாவது காப்பிக்கொட்டை மூட்டைகளை, மலையிலிருந்து கொழும்புக்கு இழுத்துப்போன மாட்டு வண்டிகள் ஒவ்வொன்றாக வேலையில்லாமல் நின்றுவிட்டன. கட்டுக்கலையில் இரண்டு சோடி மாடுகளோடு குடியிருந்த இராமநாதனும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவனை எழுப்பியது அவன் மனைவி பரிமளம்.

“மூட்டை ரயில்ல போனாப் போகட்டுங்க. ரயில்ல வந்து எறங்குற ஆளுங்க மாத்தளைக்கு எதுல போவாங்க? அத யோசிங்க” என்றாள்.

யோசித்தான். மாடுகளைக் கொடுத்துவிட்டு, ஒரு வில்லுவண்டியும் அதற்கு ஒரு குதிரையும் வாங்கினான். ரயில் வந்ததால் ஓட்டத்தை நிறுத்திக்கொண்ட பழைய தபால் வண்டியின் குதிரை அது. செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளை. லாயக்காரர்கள் அதைக் கப்பித்தான், அதாவது கேப்டன், என்று கூப்பிட்டார்கள். பெயரே மிடுக்காக இருக்கிறதே என்று பரிமளம் அதை மாற்றவில்லை.

வாங்கும்போது இராமநாதன் ஒன்றும் ஏமாளியாக இருக்கவில்லை. மாடு பிடிக்கிறவன் பார்க்கும் அத்தனையும் பார்த்தான். நெற்றியில் ராஜசுழி இருக்கிறதா, முதுகில் பாடைச்சுழி இல்லாமல் இருக்கிறதா என்று மயிரை விலக்கி விலக்கித் தேடினான். பல்லைப் பார்த்தான். குளம்பைத் தட்டிப் பார்த்தான். வாலைத் தூக்கப் போனபோது லாயக்காரன் கையைப் பிடித்துக்கொண்டான், அதனால் அது மட்டும் பாக்கி. சுழிகள் சுத்தம் என்று தெரிந்ததும் அவனுக்கு மறு பேச்சு இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஊர் அவனை விடவில்லை. கொள்ளு ஊறவைத்துக் கொடு என்றார் ஒருவர். ஊறவைத்தால் வயிறு ஊதிச் செத்துப்போகும், வறுத்துக் கொடு என்றார் அடுத்தவர். லாடம் அடிக்கிறவனை முதலில் கையில் போட்டுக்கொள், குதிரையை அப்புறம் வாங்கு என்று ஒருவர் நல்ல யோசனை சொன்னார். வாங்கிப் பத்து நாள் கழித்துச் சொன்னார். மழையில் நனைந்தால் என்ன செய்வது, மாட்டுக் கொட்டிலில் கட்டினால் மாட்டு வாசனைக்கு மிரளுமா, விற்க வேண்டி வந்தால் யார் வாங்குவார்கள் என்று ஆளாளுக்கு ஒரு கேள்வி. இத்தனை பேரில் ஒருவராவது, ‘இது ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் ஓடிப் பழகியது?’ என்று கேட்கவில்லை. வாசகர்களில் யாராவது முதல் வண்டி வாங்கும் யோசனையில் இருந்தால் அந்தக் கேள்வியை மட்டும் மறக்க வேண்டாம். மற்றதெல்லாம் தானாக வந்து சேரும்.

போன வாரம் இராமநாதனின் அண்ணன் சண்முகநாதன் பிலிமத்தலாவையிலிருந்து வந்திருந்தார். அங்கே கொழும்பு ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. பிள்ளை கிடையாது. பெரிய வீடு, பெரிய கடை, பெரிய குரல். அவர் கொட்டிலுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எட்ட நின்று குதிரையை ஒரு பார்வை பார்த்தார், கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார், பிறகு நிபந்தனை போட்டார்.

“வர்ற வெள்ளிக்கெழமை எனக்கு மாத்தளையில ஒரு சோலி இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள இந்தக் குதிரை என்னைய அங்க கொண்டு சேத்துட்டா, நீ இங்கயே தொழில் பாரு. நான் வாயத் தொறக்க மாட்டேன். சேக்கலைன்னா இத வித்துட்டு ரெண்டு பேரும் பிலிமத்தலாவைக்கு வந்துரணும். கடையப் பாத்துக்கிட்டு என்கூட இருங்க.”

“சரிண்ணே” என்றான் இராமநாதன். அண்ணன் முன்னால் அவனுக்கு வேறு வார்த்தை வராது.

உள்ளே நின்று இதைக் கேட்ட பரிமளம் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். கல்யாணமான புதிதில் அந்தப் பெரிய வீட்டில் இருந்தவள் அவள். யாரும் அவளைக் கொடுமை செய்யவில்லை. ஆனால் என்ன குழம்பு வைப்பது என்பதிலிருந்து விளக்கை எப்போது அணைப்பது என்பது வரைக்கும் அங்கே பெரியவர் வாய்தான் பேசும். கட்டுக்கலை வீடு அகலத்தில் பாதி இருக்காது, மழைக்கு ஒழுகும். ஆனாலும் அது அவள் வீடு. அதை விட்டுக்கொடுக்க அவளுக்குக் கொஞ்சமும் மனமில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தது.

விடியற்காலையில் மாட்டு வண்டியில் வந்து இறங்கிய சண்முகநாதனைப் பார்த்துப் பரிமளம் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். புது வேட்டி, புதுச் சால்வை, சரிகைத் தலைப்பாகை. முகம் மழித்து, மீசை முறுக்கி, சந்தன வாசனை வேறு. சரக்குப் பேசப் போகிறவர் இவ்வளவு எதற்கு என்று நினைத்தாள். அடுத்ததாக அவர் சொன்னது இன்னும் வேடிக்கையாக இருந்தது.

“வீட்டுப் பொம்பள ஒருத்தி கூட வந்தா நல்லதுடா ராமநாதா.”

வரவேண்டாம் என்று சொன்னாலும் வருவதாகத்தான் பரிமளம் இருந்தாள். இப்போது வழி தானே திறந்தது.

அந்த வில்லுவண்டியில் ஆசனம் முதுகோடு முதுகாக இருக்கும். முன்னால் ஓட்டுகிற இராமநாதனும் பக்கத்தில் அண்ணனும். பின்னால் போன வழியைப் பார்த்தபடி பரிமளம். அவளுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரிடமோ அடுப்பிடமோ சொல்ல வேண்டும், அவர் காதில் அது விழும். இன்றைக்குச் சுவர் இல்லை. குதிரை இருந்தது.

“கப்பித்தா, பெரியவுகள உலுக்காமக் கொண்டு போ” என்றாள், குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே.

சண்முகநாதன் தொண்டையைச் செருமினார். “கப்பித்தானுக்கு அதெல்லாம் தெரியும்” என்று அவரும் குதிரையிடமே சொன்னார். குரலில் ஒரு குழைவு இருந்தது. குதிரை இரண்டு காதையும் சட்டென்று பின்னால் திருப்பியது.

இராமநாதன் பழைய ஞாபகத்தில் நாக்கைச் சப்புக்கொட்டி, “ஹை, ஹை” என்றான். மாட்டுப் பாஷை குதிரைக்குப் புரிந்ததோ இல்லையோ, கிளம்பிவிட்டது.

அந்த ஓட்டத்தைப் பரிமளம் சாகும்வரைக்கும் மறக்கமாட்டாள். மகியாவை ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறி, இறக்கத்தில் ஒரே சீராக இறங்கி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் தடதடவென்று ஏறியபோது கீழே மகாவலி வெயிலில் பளபளத்தது. மாட்டு வண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்ததால் ஒவ்வொரு வண்டிக்காரன் வாய் பிளப்பதும் அவள் கண்ணுக்கு முழுசாகக் கிடைத்தது. காற்றில் முந்தானை படபடத்தது. சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்படி ஒரு வேகம் உலகத்தில் இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

“என்னாங்க, இப்படியே போனா மத்தியானச் சாப்பாடு மாத்தளையில” என்றாள் புருஷனிடம்.

“ஆமாம்மா. சுழி அப்படி” என்றான் இராமநாதன் பெருமையாக.

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

அக்குறணைக் கடைத்தெரு வந்தது. இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் கோப்பி வண்டிகள், ஓரத்தில் ஒரு கிணறு. கப்பித்தான் ஓட்டத்தைக் குறைத்தது. நடந்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் போய்த் தானாகவே ஓரம் கட்டி நின்றது. நாலு காலையும் ஒழுங்காக வைத்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டது.

“தண்ணிக்கு நிக்கிது” என்றான் இராமநாதன்.

தண்ணீர் காட்டினார்கள். குடித்தது. ஏறி உட்கார்ந்து, “ஹை” என்றான். குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடிவாளத்தைச் சுண்டினான். ஒரு காதை ஆட்டியது. இறங்கி முன்னால் போய் இழுத்தான். கழுத்து நீண்டதே தவிர கால் நகரவில்லை.

கடைத்தெரு கூடிவிட்டது. கண்டியில் கிடைத்த புத்திமதி போதாதென்று அக்குறணையும் தன் பங்கைக் கொடுத்தது. வாலை முறுக்கு என்றது ஒரு குரல். காதில் ஊது என்றது இன்னொன்று. வயிற்றுக்குக் கீழே வைக்கோலைக் கொளுத்து என்றவனைப் பரிமளம் பார்த்த பார்வையில் அவன் ஆளையே காணோம்.

எதிர்க் கடையிலிருந்து மஹ்மூத் இறங்கி வந்தார். கோப்பி வாங்கிக் காயவைத்து விற்கிறவர். இராமநாதனின் மாட்டு வண்டியில் பல வருஷம் மூட்டை ஏற்றியவர்.

“என்ன தம்பி, மாட்டைக் குடுத்துப்போட்டு இதையா வாங்கின? நல்ல வடிவாத்தான் ஈக்கி. ஆனா நிக்கிதே.”

“தெரியலியே மஹ்மூத் நாநா. இம்புட்டு நேரம் பறந்துச்சு.”

“பறந்த குதிரை என்னத்துக்கு நிக்கோணும்? நோவு கீவு ஈக்கிதோ பாருங்கோ.”

பார்த்தார்கள். லாடம் சரியாக இருந்தது. சேணம் உரசவில்லை. கண் தெளிவாக இருந்தது. நோவு எதுவுமில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ஆளைப் போல அமைதியாக நின்றது, அவ்வளவுதான்.

பரிமளம் வானத்தைப் பார்த்தாள். பொழுது இருக்கிறது, ஆனால் நகராத குதிரைக்குப் பொழுது இருந்து என்ன? பிலிமத்தலாவை வீட்டின் பெரிய சமையலறை கண்ணில் வந்து நின்றது. நடுத்தெருவில் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சண்முகநாதன் இத்தனை நேரம் வண்டியைவிட்டு இறங்கவேயில்லை. கூட்டம் அவரையும் வேடிக்கை பார்க்கத் தொடங்கியதும் கௌரவம் பார்த்து இறங்கினார். பின்பக்கமாகச் சுற்றி நழுவப் பார்த்தார். கூட்டம் தள்ளியதில் குதிரையின் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டார்.

கப்பித்தான் தலையைத் தூக்கியது. மெல்லக் கனைத்தது. நேராக மூக்கைக் கொண்டுபோய் அவருடைய இடுப்புச் சால்வையின் மடிப்புக்குள் நுழைத்து, அங்கே எதையோ தேடத் தொடங்கியது.

“சீ, போ, போ” என்றார் சண்முகநாதன். குரலில் உறுதி இல்லை.

குதிரை விடவில்லை. மூக்கால் முட்டியது. சால்வை அவிழ்ந்து, அதற்குள்ளிருந்து ஒரு கருப்பட்டித் துண்டு தரையில் விழுந்தது. கப்பித்தான் அதை எடுத்து, ரொம்ப நாள் பழக்கம் போல நிதானமாக மென்றது.

கூட்டம் சிரித்தது. பரிமளம் சிரிக்கவில்லை. அவள் மனதில் ஒன்று பளிச்சென்றது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு குதிரையின் கழுத்தைத் தடவினாள்.

“கப்பித்தா, நீ தெரியாதவுக மடியில தேடுற ஆளு இல்லையே. இவுகள உனக்கு எத்தனை வருஷப் பழக்கம்? நீ ஏன் இங்க நிக்கிறேன்னு இவுகளுக்குத் தெரியுமா தெரியாதா? அத மட்டும் கேட்டுச் சொல்லு.”

இராமநாதன் அண்ணனைப் பார்த்தான். மஹ்மூத்தும் பார்த்தார். சண்முகநாதன் கையும் களவுமாகப் பிடிபட்ட ஆள் முகத்தோடு தலைப்பாகையை அழுத்திக்கொண்டார்.

“கப்பித்தா” என்றார் குதிரையிடம். “நீயே காட்டிக் குடுத்துட்டியே.”

பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். தபால் வண்டிக்குக் கண்டியில் பூட்டுகிற குதிரையைப் பிலிமத்தலாவையில் அவிழ்த்துவிட்டு வேறு குதிரை பூட்டுவார்களாம். ஏழு கட்டைத் தூரம்தான் இதற்கு வேலை. மைல்கல்லை அந்தப் பக்கத்தில் கட்டை என்பார்கள். மாற்றுகிற இடம் அவர் கடைக்கு எதிரிலேயே இருந்தது. இது வந்து நின்றதும் தண்ணீர் காட்டி, கொள்ளு வைத்து, பிற்பகல் திரும்பி வருகிற வண்டியில் பூட்டிக் கண்டிக்கு அனுப்புவார்கள். அவரும் தினம் ஒரு துண்டு கருப்பட்டி கொடுப்பார்.

“அக்குறணையும் ஏறக்கொறைய ஏழு கட்டைதான். கடைத்தெரு, கெணறு, எல்லாம் பிலிமத்தலாவை மாதிரியே இருக்கு. இங்க வந்தா நிக்கும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“அண்ணே” என்றான் இராமநாதன். 

பரிமளத்துக்குக் கோபம் வந்தது. ரொம்பவே வந்தது. ஆனால் கோபப்படுவதற்கு இப்போது நேரம் இல்லை. கொள்ளுப் பையை எடுத்துக்கொண்டு குதிரையிடம் போனாள்.

“அவிழ்த்து விடுங்க” என்றாள் புருஷனிடம். “அதோட முறைப்படியே செய்வோம்.”

சேணத்தை அவிழ்த்தார்கள். கொள்ளு வைத்தார்கள். நிழலில் கட்டினார்கள். கப்பித்தான் சாவகாசமாகத் தின்று, ஒரு தூக்கம் போட்டு, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. மறுபடி பூட்டினார்கள். மூவரும் ஏறினார்கள். குதிரை உற்சாகமாகக் கிளம்பியது. இராமநாதன் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி வண்டி தெருவின் நடுவில் அழகாக ஒரு வட்டம் அடித்துக் கண்டிப் பக்கம் திரும்பியது.

“பிடி, பிடி” என்று அக்குறணை முழுவதும் ஓடிவந்து நிறுத்தியது.

“வீட்டுக்குப் போகுது” என்றார் சண்முகநாதன் மெதுவாக. “கொள்ளு தின்னா அடுத்தது வீடுதான் அதுக்கு.”

பரிமளம் இறங்கி, தெருவை மேலும் கீழும் பார்த்தாள். மஹ்மூத் மூட்டை அடுக்குகிற கிட்டங்கி தெருவோரமாக நீளமாகக் கிடந்தது. பின்னால் பெரிய முற்றம். அதற்கு இந்தக் கோடித் தலைப்பில் ஒரு கதவு, அந்தக் கோடித் தலைப்பில் ஒரு கதவு. அந்தத் தலைப்புக் கதவு திறந்தால் மாத்தளை ரோடு.

“என்னாங்க, அதுக்குக் கண்டி எது, மாத்தளை எதுன்னு தெரியாது. கொள்ளு தின்னதுக்கு அப்புறம் திரும்பணும். அம்புட்டுதான் அதுக்குத் தெரியும். நாம திருப்பிருவோம். நாநாகிட்டச் சொல்லி முற்றத்துக்குள்ள விடச் சொல்லுங்க. கண்ண மூடி உள்ள சுத்திச் சுத்தி நடத்தி, அந்தப் பக்கக் கதவு வழியா வெளிய விட்டா அது வீட்டுக்குத் திரும்பிட்டதா நினைச்சுக்கிடும்.”

மஹ்மூத் பதறினார். “முத்தம் நெறையக் கோப்பி காயுது தங்கச்சி. குதிர மிதிச்சா என்ட யாவாரம் என்னாகும்?”

“கோப்பிய நான் ஒதுக்கித் தாறேன் நாநா” என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்து நடந்ததை அக்குறணையில் பல வருஷம் பேசிக்கொண்டார்கள். கட்டுக்கலையிலிருந்து வந்த பெண் ஒருத்தி பலகையால் கோப்பிக் கொட்டையை வாரி வாரி ஒதுக்குகிறாள். பிலிமத்தலாவைக் கடை முதலாளி சரிகைத் தலைப்பாகையோடு எதிர்ப்பக்கம் நின்று அவரும் வாருகிறார். மஹ்மூத் “மெல்ல, மெல்ல” என்று கத்திக்கொண்டே சாக்கைக் கொண்டுவருகிறார். அந்தச் சாக்கால் கண்ணை மூடிக்கொண்டு கப்பித்தான் முற்றத்தைச் சுற்றுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு இராமநாதனும் சுற்றுகிறான். இரண்டாவது சுற்றில் குதிரைக்குத் தலை சுற்றியதோ என்னவோ, அவனுக்குச் சுற்றிவிட்டது.

அந்தத் தலைப்புக் கதவுக்கு வெளியே வண்டியைக் கொண்டுவந்து பூட்டினார்கள். சாக்கை உருவினார்கள். கப்பித்தான் முன்னால் கிடந்த ரோட்டைப் பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. காதை நிமிர்த்தியது.

கிளம்பியது.

வடக்கே, மாத்தளைப் பக்கம். கடைத்தெரு கை தட்டியது. மஹ்மூத் தன் கோப்பியை மறந்து ரோட்டில் நின்று சிரித்தார். பரிமளத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்தமுறை யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

அலவத்துகொடை தாண்டியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நேரம் தாராளமாக இருந்தது. இரண்டு பக்கமும் மலைச்சரிவெல்லாம் கோப்பிச் செடி. குதிரை வீட்டு ஞாபகத்தில் காலையைவிட வேகமாக ஓடியது. இராமநாதன் வாயெல்லாம் பல்.

பரிமளத்துக்கு இப்போதுதான் கோபத்தை எடுத்துப் பார்க்க நேரம் கிடைத்தது. முதுகுக்குப் பின்னால் முதுகு இருந்தது.

“கப்பித்தா” என்றாள். “ஒரு சந்தேகம். பெரியவுகளுக்கு நீ அக்குறணையில நிப்பேன்னு தெரியும். நின்னா மாத்தளைச் சோலி நடக்காது. சோலி வேணும்னா வேற வண்டியில போயிருக்கலாம். வேண்டாம்னா வீட்டுலயே இருந்திருக்கலாம். சந்தனம் பூசிக்கிட்டு அக்குறணை வரைக்கும் எதுக்கு வந்தாக?”

சண்முகநாதன் தலைப்பாகையைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். 

“கப்பித்தா” என்றார் சண்முகநாதன் கடைசியில். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. “மாத்தளையில தனபாலன்னு கிட்டங்கிக்காரர் ஒருத்தர். அவருக்கு ஒரு அக்கா இருக்காக. இராஜேஸ்வரின்னு பேரு. கலியாணம் தள்ளித் தள்ளிப் போய் இருந்துட்டாக. வந்து பாத்துட்டுப் போங்கன்னு ஆள் மேல ஆள் விட்டுக்கிட்டே இருந்தாரு.”

இராமநாதன் கடிவாளத்தை விட்டுவிடப் பார்த்தான். “அண்ணே, பொண்ணு பாக்கவா போறோம்?”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டுடா.” அவர் சால்வை நுனியை மடித்து விரித்தார். “இந்த வயசுல எப்படிடா உன்கிட்டச் சொல்லுவேன்? போகாம இருந்தா அவருக்கு மரியாதை இல்ல. போனா எனக்கு வெக்கம். குதிரை நின்னுட்டா ரெண்டும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துட்டா எனக்குக் கலியாணமே எதுக்கு? கடையச் சாத்திட்டு உள்ள போனா அந்த வீட்டுல என் செருப்புச் சத்தம் எனக்கே கேக்குது. அத விட்டா வேற ஒண்ணுமில்ல.”

பரிமளத்தின் கோபம் அந்த இடத்தில் ரோட்டோரமாக இறங்கிப் போய்விட்டது. எந்தச் சமையலறையை நினைத்து அவள் பயந்தாளோ அதே சமையலறை இப்போது அடுப்பு எரியாமல் கண்ணில் தெரிந்தது. பாவம் என்று நினைத்தாள். பாவம் என்று நினைத்ததற்காகத் தன் வீட்டை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்றும் நினைத்தாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழிதான் இருந்தது. அது மாத்தளையில் இருந்தது.

“கப்பித்தா, கொஞ்சம் வெரசாப் போ” என்றாள்.

மாத்தளையின் முதல் கூரைகள் தெரிந்ததும் சண்முகநாதன் தம்பியின் தோளைத் தட்டினார். “ராமநாதா, நிறுத்து. எறங்கி முகம் கழுவிக்கிடுறேன்.”

இராமநாதன் கடிவாளத்தை இழுத்தான். கப்பித்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் இழுத்தான். வீட்டுக்குப் போகிற குதிரை, ஏழு கட்டை தாண்டியும் வீடு இன்னும் வரவில்லை. அது ஏன் நிற்கும்?

“நிக்க மாட்டேங்குதுண்ணே.”

“தனபாலன் வீடு ரோட்டு மேலதாண்டா இருக்கு. அந்தா, வாசல்ல வாழைமரம் கட்டியிருக்காக. நிறுத்துடா.”

“நானும் அதத்தான செய்யிறேன்.”

வாசலில் தனபாலன் இரண்டு கையையும் கூப்பி, “வாங்க, வாங்க” என்றார். வில்லுவண்டி அவரைக் கடந்து போனது. தலைப்பாகையை ஒரு கையாலும் வண்டியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, கும்பிட மூன்றாவது கை இல்லாமல், சண்முகநாதன் பெண் வீட்டு வாசலைத் தாண்டிப் பறந்தார்.

எல்லா வழக்கமும் அவருக்கு அந்த நொடியில் மறந்துபோனது. உட்கார்ந்தபடியே பாதி திரும்பி, தம்பி மனைவியை நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“பரிமளம், மாத்தளைக்கு வந்தாச்சும்மா. நீ செயிச்சுட்ட. வீடு உனக்குத்தான், தொழில் அவனுக்குத்தான், நான் இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். இந்தக் குதிரைய மட்டும் நிறுத்தச் சொல்லு.”

பரிமளம் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். மற்ற இருவருக்கும் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது. தனபாலனின் வீட்டுக் கதவு திறந்தது. பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், நாற்பதை ஒட்டிய வயது, அலங்காரத்தோடு அலங்காரமாக ரோட்டுக்கே இறங்கி வந்துவிட்டாள். உள்ளே இழுக்கப் போன தம்பி தனபாலனின் கையைத் தட்டிவிட்டு, புழுதிக்கு நடுவில் நின்று, ஓடுகிற வண்டியையே பார்த்தாள்.

“அத்தான்” என்றாள் பரிமளம். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை அவருக்கு நேராக வந்தது அதுவே முதல் தடவை. “அவுக தெருவுக்கே வந்துட்டாக. உங்களத்தான் பாக்குறாக. சிரிக்கிறாக.”

சண்முகநாதன் தலைப்பாகையை விட்டுவிட்டார். அது காற்றில் போனது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“எப்படிச் சிரிக்கிறாகம்மா?” என்று கேட்டார்.

குதிரை ஓடிக்கொண்டே இருந்தது. பரிமளம் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அந்தப் பச்சைச் சேலை சின்னதாகிக்கொண்டே போவதற்குள், நன்றாகப் பார்த்துச் சொல்ல வேண்டுமே என்று பார்த்தாள்.